ஒற்றை இதழ் எனக்கு, இரட்டை இதழ் அண்ணைக்கு

நானாட்டான் நூலகத்து அக்கா என்னை மறிச்சது உரக்கடை வாசலில வைச்சு. தோளில யூரியா மூட்டை, சாரம் முழங்காலுக்கு மேல மடிச்சுக் கட்டு. அந்தக் கோலத்தில நிண்ட என்னைப் பார்த்து, "தம்பி, இந்த முறை வாசிப்பு மாதத்துக்கு நீங்கள்தான் பேசவேணும்" எண்டு சொன்னவ. எனக்குப் பின்னால ஆரும் வாத்தியார் நிக்கிறாரோ எண்டு திரும்பிப் பார்த்தனான். ஒருத்தரும் இல்லை.

"என்னத்தைப் பற்றி அக்கா? நெல்லுக்கு வாற பூச்சியைப் பற்றியோ?"

"விசர்க்கதை கதையாதேங்கோ. சூப்பர் ஹீரோ கொமிக்ஸ் பற்றி. ஆர் எழுதினது, ஆர் கீறினது, வில்லன்கள் எப்பிடிப்பட்ட ஆக்கள், புதுசா வாசிக்கிற ஒராள் எங்க தொடங்கிறது. ஒரு மணித்தியாலம். ஓமோ இல்லையோ?"

ஓம் எண்டு நான் சொன்னது அடுத்த சந்திக்கே கேட்டிருக்கும். வயல் செய்யிற ஒரு கமக்காரன் பதினைஞ்சு வருசமா கொமிக்ஸ் வாசிக்கிறான் எண்டு ஊர் சிரிச்ச சிரிப்பு எனக்குத் தெரியும். இப்ப அந்தச் சனத்தை வரிசையா இருத்திவைச்சு நான் சொல்லப்போறன்! நறுவிலிக்குளம் வந்து சேருமட்டும் மோட்டார் சைக்கிளில இருந்து சத்தமா பேச்சுப் பழகிக்கொண்டு வந்தனான். வழியில நிண்ட மாடுகள்கூட விலகி நிண்டதுகள்.

மனுசி முற்றத்தில மீன் வெட்டிக்கொண்டிருந்தவ. விசயத்தைச் சொன்னன்.

"ஒரு மணித்தியாலமோ? பாவம் சனம். எனக்குப் பதினொரு வருசமாச் சொல்லுறியள், இன்னும் முடியேல்லை" எண்டவ. பிறகு கத்தியை நிப்பாட்டி, "அப்ப அந்த இருபத்துநாலு இதழ்க் கதையின்ர முடிவை என்னெண்டு சொல்லப்போறியள்?" எண்டு கேட்டா.

எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. ஏனெண்டால் ஆர் வந்து எங்க தொடங்கிறது எண்டு கேட்டாலும், நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு சொல்லுறது அந்த இருபத்துநாலு இதழ்த் தொடரைத்தான். ஆனால் அதில பாதியைத்தான் நான் வாசிச்சிருக்கிறன். ஒற்றை இலக்கம் எல்லாம் என்னட்டை. இரட்டை இலக்கம் எல்லாம் அண்ணையிட்டை. அண்ணையின்ர வீடு எங்கட வேலியில இருந்து இருநூறு அடி. நாலு வருசமா அவருக்கும் எனக்கும் கதைபேச்சு இல்லை.

முதலில இருந்து சொன்னால்தான் விளங்கும்.

யுத்தம் முடிஞ்சு திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில இருந்த காலம். கனடாவில இருக்கிற மச்சான் ஒரு பெட்டி உடுப்பு அனுப்பினவர். உடுப்பு கசங்காமல் இருக்க இடையில இடையில கொமிக்ஸ் புத்தகங்களை வைச்சு அடுக்கியிருந்தவர். உடுப்பை வீட்டில உள்ளவை எடுத்தினம், புத்தகத்தை நானும் அண்ணையும் எடுத்தம். எனக்கு இருவத்திரண்டு வயசு, அவருக்கு இருவத்தாறு. அவர் அகராதியை மடியில வைச்சுக்கொண்டு இங்கிலீசைத் தமிழில சொல்லுவார், நான் படத்தைப் பார்த்துக்கொண்டு கேப்பன். கடவுளே, என்ன ஒரு சந்தோசம்! வெளியில வெயில் நெருப்பாக் கொட்டும். உள்ளுக்கு ஒருத்தன் கட்டடத்துக்குக் கட்டடம் பாய்வான். கிணறு இல்லை, கூரை இல்லை, ஆனால் உலகத்தைக் காப்பாத்திற வேலை எங்களுக்கு நிறையக் கிடந்தது.

ஒவ்வொரு புத்தகத்திலயும் முதல் பக்கத்தில அஞ்சாறு பேரின்ர பேர் போட்டிருக்கும். அண்ணை அதைப் பார்த்துப்போட்டு, "இவையள்தான் காசு குடுத்தவை" எண்டு சொன்னவர். நானும் ஓம் எண்டு நம்பிப்போட்டன். ஏன் நம்பமாட்டன்? அந்தக் காலத்தில எங்கட ஊரில கிணத்துக்கும் மலசலகூடத்துக்கும் முன்னால ஒரு பலகை நிக்கும், ஆர் நிதி தந்தது, ஆர் நடைமுறைப்படுத்தினது எண்டு. கொமிக்ஸுக்கும் அப்பிடி ஒரு நிறுவனம் தந்திருக்கு எண்டு நினைச்சு, ஒரு வருசமா அந்தப் பேர்களுக்கு மனசுக்குள்ள நன்றி சொல்லிக்கொண்டிருந்தனாங்கள். பிறகு நூலகத்தில பேசேக்க இந்தக் கதையைச் சொல்ல, சனம் கதிரையோட சேர்ந்து குலுங்கிச் சிரிச்சது.

பிறகுதான் விளங்கினது. ஒராள் கதை எழுதுவார். ஒராள் பென்சிலால கீறுவார். வேற ஒராள் அதுக்கு மேல மை போடுவார். இன்னொராள் நிறம், இன்னொராள் பேச்சுக் குமிழிக்குள்ள எழுத்து. ஒரு முகம் கோபப்பட நாலு பேர் வேலை செய்யினம்! அது தெரிஞ்ச நாளில இருந்து எனக்கு வாசிக்கிற விதமே மாறிப்போச்சு. மை போடுற ஆள் மாறினால் மூக்கு மாறும். எழுத்தாளர் மாறினால் ஹீரோவுக்குத் திடீரெண்டு வாய் கூடும். ஆர் உண்மையில உருவாக்கினது எண்டு அவையளுக்குள்ளேயே சண்டை வாறதும் உண்டு எண்டு மச்சான் போனில சொன்னவர். வராதோ பின்ன? நாலு பேர் சேர்ந்து விதைச்ச வயலில அறுவடை நேரம் ஆர் சும்மா இருப்பினம்?

அப்பா மோசம் போன கிழமைதான் அந்தத் தொடர் வந்தது. மச்சான் இந்த முறை உடுப்புக்கு இடையில செருகி அனுப்பேல்லை. ஒரு முழுக் கதை, ஒண்டில இருந்து இருபத்துநாலு மட்டும், ஒரே எழுத்தாளர், ஒரே ஓவியர், தனிப் பெட்டி. செத்த வீட்டுக்குள்ள அதை ஆர் திறக்கிறது? முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடியுமட்டும் மூலையில கிடந்தது. முடிஞ்ச கையோட மாமா, அம்மாவின்ர தமையன், பங்கு பிரிக்க வந்திட்டார்.

மாமா நேர்மையான மனுசன். அந்த நேர்மைதான் எங்களைக் கெடுத்தது. எங்கட பக்கம் வயல் பிரிக்கேக்க, மேட்டை ஒருத்தருக்கும் பள்ளத்தை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டினம். தண்ணி வாற பக்கம் கிடைச்சவன் வாழுவான், கடைசியில கிடைச்சவன் காயுவான். அதனால துண்டு துண்டா வெட்டி, ஒண்டு விட்டு ஒண்டு குடுப்பினம். மாமா வயலை அப்பிடிப் பிரிச்சார். அந்தக் கையோட வீட்டுக்குள்ள வந்து கதிரை, அண்டா, அலுமாரிச் சாமான் எல்லாத்தையும் அப்பிடியே பிரிச்சார். கடைசியில பெட்டியைத் திறந்து, "இது என்ன, படப் புத்தகமோ? சரி, தம்பிக்கு ஒண்டு, அண்ணனுக்கு ஒண்டு, தம்பிக்கு ஒண்டு, அண்ணனுக்கு ஒண்டு" எண்டு ரெண்டு அடுக்கா வைச்சார்.

நானும் அண்ணையும் ஆளையாள் பார்த்துச் சிரிச்சனாங்கள். மாத்தி மாத்தி வாசிச்சால் போச்சு, இருநூறு அடிதானே எண்டு நினைச்சம். முதல் நாலு இதழும் அப்பிடித்தான் வாசிச்சது.

அந்த நாலு இதழும் போதும், ஒராளைப் பிடிச்சுக் கட்டிப்போட. ஹீரோ ஒரு யன்னல் துடைக்கிறவன். உயர்ந்த கட்டடங்களில கயித்தில தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிற வேலை. அவனுக்கு ஒரே ஒரு சக்திதான். விழுற எதையும் அவன் பார்த்தால், அது அந்தரத்தில நிண்டிடும், கண்ணை எடுத்தால் திரும்ப விழும். பறக்கவும் ஏலாது, அடிக்கவும் ஏலாது, பார்க்க மட்டும்தான் ஏலும். வில்லன் ஒரு இஞ்சினியர். அந்த நகரத்துக்கு அணைக்கட்டுக் கட்டினவன். நகரத்துச் சனம் தண்ணியை வீணாக்குது, கீழ இருக்கிற வயலுக்குப் போகுதில்லை எண்டு பத்து வருசம் கடிதம் எழுதிப் பார்த்தவன். ஒருத்தரும் பதில் போடேல்லை. ஒருநாள் அணையின்ர கதவெல்லாத்தையும் பூட்டிப்போட்டு, திறப்பை விழுங்கிப்போட்டான்.

எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு. "அண்ணை, நான் வில்லன்ர பக்கம்!" எண்டு கத்தினனான்.

"சனம் குடிக்கத் தண்ணி இல்லாமல் நிக்குதடா."

"வயல் காயேக்க ஆர் அழுதது? நல்ல வில்லன் எண்டால் இவன்தான். சும்மா பல்லைக் காட்டிச் சிரிக்கிறவன் வில்லனில்லை. தான் செய்யிறது சரியெண்டு நெஞ்சில கை வைச்சுச் சொல்லுறவன்தான் வில்லன்."

"கோதாரி, உன்னட்டை ஒரு அணைக்கட்டுக் கிடைச்சால் நாங்கள் எல்லாரும் அண்டையோட சரி" எண்டு அண்ணை சிரிச்சவர்.

அது சிரிச்ச கடைசி முறை. அந்தச் சிறுபோகம் தண்ணி குறைவு. குளத்தில இருந்து முறை வைச்சுத்தான் விட்டவை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்ர முறை. எங்கட துண்டுகள் ஒண்டு விட்டு ஒண்டு கிடக்கிறதால, என்ர தண்ணி அண்ணையின்ர துண்டைத் தாண்டித்தான் என்ர அடுத்த துண்டுக்கு வரவேணும். சாப்பிட்டுப்போட்டு வந்து பார்க்கிறன், என்ர துண்டு வெடிச்சுக் கிடக்கு, அவற்ற துண்டில கணுக்காலளவு தண்ணி. எனக்கு மூக்குக்கு மேல கோபம். மண்வெட்டியை எடுத்து அவற்ற வரம்பைக் கொத்திப் பிளந்துபோட்டன். அவர் ஓடி வந்து, "டேய், நான் திறக்கேல்லை, எங்கயோ நண்டுப் பொந்து உடைச்சிருக்குதடா" எண்டு சொல்லுறார். நான் கேக்கிற நிலையில இல்லை. பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நிக்க, பிறந்ததில இருந்து நீங்கள் எண்டு கூப்பிட்ட ஆளை நீ எண்டு கூப்பிட்டனான். கள்ளன் எண்டனான். "நீ செத்தாலும் உன்ர படலைக்குள்ள கால் வைக்கமாட்டன்" எண்டு சொன்னனான்.

அவர் தோளில கிடந்த துவாயை எடுத்து உதறிப்போட்டுப் போயிட்டார்.

அடுத்த நாள் விடியப் போய்ப் பார்த்தன். வரம்பின்ர அடியில நண்டுப் பொந்துதான். என்ர கை முழுக்க உள்ள போகுது. மண்ணைக் குழைச்சு அடைச்சுப்போட்டு வீட்டை வந்தன். அண்ணையிட்டைப் போகேல்லை. வெக்கம் ஒரு பக்கம் இழுத்தது, வீறாப்பு மற்றப் பக்கம் இழுத்தது. நாலு வருசம் போச்சு. நல்லநாள் பெருநாளுக்கு மனுசியும் அண்ணியும் வேலிக்கு மேலால பலகாரம் மாத்துவினம், நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிப்பம். ஒவ்வொரு முறையும் இண்டைக்குப் போவம், இண்டைக்குப் போவம் எண்டு நினைக்கிறதும், செருப்பைப் போட்டுப்போட்டுக் கழட்டுறதுமா இருந்தனான். எனக்கு வேணுமெண்டிருந்தது அந்த இரட்டை இதழ்கள் மட்டும் இல்லை. அதை எனக்கே சொல்ல விருப்பமில்லாமல் இருந்தது.

இதுக்குள்ள பேச்சுக்கு நாள் கிட்டுது. மற்றதெல்லாம் எழுதி முடிச்சிட்டன். புதுசா வாசிக்கிற ஆக்களுக்கு நான் சொல்லவந்தது இதுதான். முதலாம் இலக்கம் எண்டு போட்டிருக்கிறதைப் பார்த்து ஏமாறாதேங்கோ. ஒரு ஹீரோவுக்கே பத்து முதலாம் இலக்கம் இருக்கும், கம்பனிக்காரர் நினைச்ச நினைச்ச நேரம் திரும்ப ஒண்டில இருந்து தொடங்குவினம். அம்பது வருசக் கதையை முழுக்கப் படிச்சுப்போட்டுத்தான் வருவன் எண்டு நிண்டால், பல்லு விழுந்தாலும் தொடங்கமாட்டியள். தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு கதையை, ஒரே கை எழுதி ஒரே கை கீறினதை எடுங்கோ. ஹீரோவைப் பார்த்து எடுக்காதேங்கோ. எந்த வில்லனைக் கண்டு உங்களுக்குக் கை நடுங்குதோ, அவன் வாற கதையை எடுங்கோ.

அருமையான பேச்சு. ஆனால் தொடக்கமும் முடிவும் உள்ள கதை எண்டு நான் காட்டப்போறதின்ர முடிவு எனக்கே தெரியாது. போனில தேடினன். சின்னக் கம்பனி போட்ட கதை, எங்கயும் இல்லை. மச்சானைக் கேட்டால், அந்தக் கடையே பூட்டியாச்சாம்.

"அண்ணியிட்டைக் கேக்கிறன்" எண்டு மனுசி சொன்னா. "உங்கட வீறாப்புக்கு ஒரு பங்கமும் வராது. அவருக்குத் தெரியாமல் வாங்கி, தெரியாமல் குடுப்பம்."

அடுத்த நாள் பதினொரு மணிக்கு அண்ணி வந்தவ, சைக்கிளில உரப்பையைக் கட்டிக்கொண்டு. "அவர் வயலில. பின்னேரம் வாறதுக்குள்ள திரும்பி அலுமாரிக்குள்ள இருக்கவேணும். கெதியா வாசியுங்கோ, தம்பி" எண்டுபோட்டு ஓடிப்போட்டா.

நான் கதவைச் சாத்தினன். இருபத்துநாலையும் வரிசையாப் பாயில பரப்பினன். நாலு வருசத்துக்குப் பிறகு ஒண்டுக்குப் பக்கத்தில ரெண்டு, ரெண்டுக்குப் பக்கத்தில மூண்டு! உழவுக்கு வந்த டிரக்டர்க்காரன் வாசலில நிண்டு ஹோர்ன் அடிக்கிறான். "நாளைக்கு வா" எண்டு உள்ளுக்குள்ள இருந்து கத்தினன்.

ஆறாம் இதழைத் திறக்க, உள்ளுக்குள்ள இருந்து கொப்பித்தாள் ஒண்டு விழுந்தது. பென்சிலால கட்டம் கட்டமாக் கீறிக்கிடக்கு. நாலாம் இதழுக்கும் ஆறாம் இதழுக்கும் இடையில என்ன நடந்திருக்கும் எண்டு அண்ணை தானே யோசிச்சு, தானே கீறி வைச்சிருக்கிறார்! எட்டாம் இதழுக்குள்ள இன்னொரு தாள். பத்துக்குள்ள இன்னொண்டு. அண்ணைக்குக் கீற வரும் எண்டு எனக்குத் தெரியவே தெரியாது. கோடு கோணல்தான், ஆனால் வில்லன் உயிரோட நிக்கிறான். நான் விழுந்து விழுந்து சிரிச்சன். "இஞ்ச வந்து பார், அண்ணை வில்லனுக்குச் சாரம் உடுத்திவிட்டிருக்கிறார்!"

மனுசி வந்து பார்த்தா. தாளைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"இது நீங்களெல்லோ" எண்டா.

சீ, விசரி எண்டுபோட்டுத் திரும்பப் பார்த்தன். தலையில துவாய் கட்டின கட்டு என்ர கட்டு. முன்பல்லுக்குப் பக்கத்தில ஓட்டை, என்ர ஓட்டை. கையில மண்வெட்டி. பேச்சுக் குமிழிக்குள்ள தமிழில, வடிவான உருண்டை எழுத்தில: "நீ செத்தாலும் உன்ர படலைக்குள்ள கால் வைக்கமாட்டன்!"

என்ர காது ரெண்டும் சூடாகிப் போச்சு. ஒவ்வொரு தாளாப் புரட்டினன். எல்லாத்திலயும் நான். அணையை உடைக்கிறது நான், பாலத்தைத் தள்ளுறது நான், திறப்பை விழுங்கிறது நான். கோபத்தோடயே கதையையும் வாசிச்சன், ஏனெண்டால் நிப்பாட்டவும் ஏலேல்லை, அவ்வளவு நல்ல கதை. இருபத்திரண்டு முடியேக்க வில்லன் அணையின்ர உச்சியில இருந்து சறுக்கி விழுறான், ஹீரோ நிமிர்ந்து பார்க்கிறான். என்னட்டை இருக்கிற இருபத்துமூண்டில என்ன நடக்குது எண்டு எனக்கு மனப்பாடம். இருபத்துநாலைத் திறந்தன். ஹீரோ திரும்ப யன்னல் துடைக்கிறான். வில்லனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதுக்குள்ளயும் ஒரு தாள் கிடந்தது. அடிமட்டம் வைச்சு நேராக் கோடு இழுத்து ஆறு கட்டம் போட்டிருக்கு. உள்ளுக்கு ஒண்டும் இல்லை. கீறிக் கீறி அழிச்சு, தாளே தேய்ஞ்சு போய்க் கிடக்கு.

நான் தாள்களை அள்ளிக்கொண்டு வெளிக்கிட்டன். மனுசி பின்னால கூப்பிட்டது கேட்டது, நிக்கேல்லை. செருப்பும் போடேல்லை. நேர அண்ணையின்ர முற்றத்தில போய் நிண்டன். அவர் அதுக்குள்ள வயலால வந்திட்டார், சேட்டுப் போடாமல் வெறும் மேலோட கதிரையில இருந்து விதைநெல்லில களைவிதை பொறுக்கிக்கொண்டிருக்கிறார்.

"என்ன இது? நான் வில்லனோ?"

அண்ணை தாளைப் பார்த்தார். திரும்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணி மெல்லக் குசினிக்குள்ள, அடுப்படிப் பக்கம் மறைஞ்சிட்டா.

"மீசை சரியா வந்திருக்கோ?" எண்டு கேட்டார்.

"அண்ணை, பகிடி விடாதேங்கோ! ஏன் நான் வில்லன்? நீங்கள் மட்டும் ஹீரோவோ?"

"எங்க? வடிவாப் பார். நான் ஒரு கட்டத்திலயும் இல்லை."

புரட்டிப் பார்த்தன். உண்மைதான். ஹீரோவைக் கீற வேண்டிய இடத்தில எல்லாம் வெறும் முதுகு, இல்லாட்டில் நிழல்.

"அவனைக் கீற வரேல்லையடா எனக்கு" எண்டார் அண்ணை. "அவன் தானா ஒண்டும் செய்யிறானில்லை. நீ வந்து எதையாவது உடைச்சால்தான் அவனுக்கு வேலை. உன்னை எடுத்திட்டால் ஒருத்தன் சும்மா நிக்கிறான், அவ்வளவுதான். நாலு வருசமா அப்பிடித்தான்."

எனக்குக் கோபம் எங்க போச்சு எண்டு தெரியேல்லை. "அது நண்டுப் பொந்துதான், அண்ணை. அடுத்த நாளே கண்டனான். பிழை என்னில" எண்டு சொன்னன். சொல்லேக்க அழுதும் போட்டன். வெக்கமென்ன, அழுதனான்தான்.

"தெரியும். நீ மண் வைச்சு அடைச்சதை நானும் தள்ளி நிண்டு பார்த்தனான்" எண்டார். "இப்ப வருவான், இப்ப வருவான் எண்டு அண்டைக்குப் பொழுதுபடுமட்டும் படலையைச் சாத்தேல்லை."

நானும் பக்கத்தில குந்தியிருந்து களைவிதை பொறுக்கத் தொடங்கினன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "டேய், அந்த இருபத்துமூண்டு" எண்டார். "அவன் விழுறான். மற்றவன் பார்க்கிறான். பிறகு என்ன? எத்தினை விதமாக் கீறிப் பார்த்திட்டன், ஒண்டும் சரிவருதில்லை. பிடிச்சவனோ, விட்டவனோ? அதை மட்டும் சொல்லிப்போட்டுப் போ."

வாய் வரைக்கும் வந்தது.

"சொல்லமாட்டன்" எண்டன். "வீட்டை வந்து வாசியுங்கோ."

அண்ணை விதைநெல்லைக் கீழ வைச்சுப்போட்டு எழும்பி, குசினிப் பக்கம் பார்த்துக் கத்தினார்: "இஞ்சரப்பா, என்ர சேட்டை எங்க வைச்சனீர்?"